யாரிடம் கேட்டால் உண்மை தெரியும்? சிறுதொழில் செய்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கேன்வாஸ் துணியில் தோள்பை தைத்து விற்பது என் தொழில். தொடங்கிய புதிதில், பை வாங்கிய எல்லோரிடமும் "எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். எல்லோரும் "ரொம்ப நல்லா இருக்கு" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் பலர் இரண்டாவது பை வாங்க வரவேயில்லை.

ஒரு நாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வேறு வேலையாக வந்து என் எதிரே உட்கார்ந்திருந்தார். மடியில் நான் தைத்த பை, இடது கையில் குடை. உள்ளே செல்போன் ஒலித்தது. வலது கையால் ஜிப்பை இழுத்தார். பாதி தூரம் வந்த ரன்னர் மூலையில் நின்றுவிட்டது. குடையை முழங்கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு, ஒரு கையால் பையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்து, மறுகையால் ரன்னரை வெடுக்கென்று இழுத்துத் திறந்தார். அதற்குள் போன் நின்றுபோனது. இதையெல்லாம் அவர் யோசித்துச் செய்யவில்லை. பல நாள் பழகிய கை தானாகச் செய்தது.

அவர் போன பிறகு அதே மாதிரியில் ஒரு பையை எடுத்து உட்புறத்தை வெளியே திருப்பிப் பார்த்தேன். மூலையில் உள்துணியின் மடிப்பு மயிரிழை அளவு துருத்திக்கொண்டிருந்தது. ரன்னர் அங்கே வரும்போதெல்லாம் அந்த மடிப்பைக் கவ்வியது. மூன்று மாதத்துக்கு முன்பு அவரிடமும் நான் கேட்டிருந்தேன். "குறைன்னு ஒண்ணும் இல்லைங்க" என்றுதான் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை. ரன்னர் சிக்குவது அவருக்குக் குறையாகவே படவில்லை, பை என்றால் இப்படித்தான் என்று இருந்துவிட்டார். நான் கேட்ட விதம்தான் சரியில்லை. அதன்பிறகு கருத்துக் கேட்பதையும் துணி வெட்டுவதைப் போல ஒரு வேலையாக எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்ததில் எது உதவியது, எது உதவவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன். சிறுதொழிலில் இதற்கென்று தனி ஆள் கிடையாது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலே பெரிய விஷயம். அதனால் எந்த வழியை விட்டுவிடலாம் என்று தெரிவதும் முக்கியம்.

எந்த வழியானாலும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். சொல்பவருக்கு விஷயம் தெரியுமா? தெரிந்ததை என்னிடம் சொல்வாரா? இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வம். பையைத் தினமும் சுமப்பவருக்குத் தெரியும், ஆனால் முகத்துக்கு நேரே சொல்லக் கூசுவார். கூச்சமே இல்லாமல் சொல்லும் மைத்துனர் அந்தப் பையை ஒரு நாள்கூடத் தோளில் மாட்டியிருக்க மாட்டார்.

வீட்டாரும் நண்பர்களும்

முதலில் எல்லோரும் போவது இவர்களிடம்தான். எனக்கும் இவர்கள் இல்லாமல் முடியாது. சோர்ந்து உட்காரும் நாளில் எழுப்பி விடுவது இவர்கள்தான். ஆனால் பொருளைப் பற்றிய தீர்ப்புக்கு இவர்களிடம் போவதை நிறுத்திவிட்டேன். ஒன்று, அன்பினால் பாராட்டுவார்கள். இல்லையென்றால், அதே அன்பினால் பயந்துபோய் "இதெல்லாம் எதுக்கு, ஒரு வேலைக்குப் போ" என்பார்கள். இரண்டுமே என்னைப் பற்றிய பேச்சு, பையைப் பற்றிய பேச்சே கிடையாது. ஒரே ஒரு விதிவிலக்கு: நண்பர் தன் கைக்காசைக் கொடுத்து வாங்கி மாதக்கணக்கில் பயன்படுத்தியிருந்தால், அவரை வாடிக்கையாளர் கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.

வாடிக்கையாளரிடம் நேரில் கேட்பது

கெட்ட செய்தியைச் சொல்ல மனிதர்கள் எவ்வளவு தயங்குவார்கள் என்பதை உளவியலாளர்கள் வெகுநாளாகவே ஆராய்ந்து வருகிறார்கள். 1970இல் ரோசன், டெஸ்ஸர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வாய்மூடும் பழக்கத்துக்கு ஒரு பெயரே வைத்தார்கள். 2022இல் வெளியான இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது. கேள்வித்தாளோடு போய்ப் பதில் வாங்குகிற ஆய்வுக்குழு ஆளின் முகத்தில் வேண்டுமென்றே ஒரு கறையைப் பூசி, பதில் சொல்பவர்கள் அதைச் சொல்கிறார்களா என்று பார்த்தார்கள். கறையைக் கவனித்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூட வாயைத் திறக்கவில்லை. ஒரு நொடியில் துடைத்துவிடக்கூடிய கறைக்கே இந்த நிலை. மாதக்கணக்கில் உழைத்து நான் தைத்த பையின் குறையை என் முகத்தைப் பார்த்துச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதற்காக நேரில் கேட்பதை விட வேண்டியதில்லை. கேள்வியை மாற்றினால் போதும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் மரியாதைக்குத்தான் பதில் சொல்வார். அதனால் அபிப்பிராயம் கேட்பதை விட்டு, நடந்ததைக் கேட்கத் தொடங்கினேன். "கடைசியா இந்தப் பையை எங்கே எடுத்துட்டுப் போனீங்க? உள்ளே என்னென்ன வெச்சிருந்தீங்க? எதையாவது எடுக்கக் கஷ்டமா இருந்ததா?" இப்படிக் கேட்டால் யாரையும் குறை சொல்கிற உணர்வு இல்லாமல் அவர் கதையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். நடுவில் தானாக வந்து விழும்: "தண்ணி பாட்டிலை மட்டும் கையிலேயே வெச்சுக்குவேன். உள்ளே வெச்சா சாயுது." கேட்டதெல்லாம் "நல்லா இருக்கு" என்ற இடத்தில் இப்படி ஒரு வரி கிடைப்பது பெரிய வரவு.

இன்னொரு சின்ன மாற்றமும் உதவியது. கருத்து கேட்பதற்குப் பதிலாக யோசனை கேட்பது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆய்வாளர்கள் 2019இல் இதை எழுதியிருந்தார்கள். ஒரே வேலை விண்ணப்பக் கடிதத்தைக் காட்டி, சிலரிடம் கருத்தும் சிலரிடம் ஆலோசனையும் கேட்டார்கள். ஆலோசனை கேட்கப்பட்டவர்கள் திருத்த வேண்டிய இடங்களை 34 சதவீதம் அதிகமாகக் காட்டினார்கள். கருத்து என்றதும் மனம் நடந்துமுடிந்ததற்கு மதிப்பெண் போடப் போகிறது. யோசனை என்றதும் இனி என்ன செய்யலாம் என்று பார்க்கிறது. "அடுத்த பையை வெட்டப் போறேன், இதுல ஒரே ஒரு இடத்தை மாத்தணும்னா எதை மாத்தலாம்?" என்று இப்போது கேட்கிறேன். "ஒண்ணும் வேண்டாம்" என்பவர் மிகக் குறைவு.

ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளர் தன் சிரமத்தைச் சொல்லும்போது நம்பலாம். அதற்கு அவரே சொல்லும் தீர்வை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பாட்டில் வைக்க வெளிப்பக்கம் ஒரு பாக்கெட் தைக்கச் சொன்னார்கள். வைத்துப் பார்த்தேன், பஸ்ஸிலும் வாசலிலும் இடித்துக்கொண்டே வந்தது. உள்ளே ஒரு மூலையில் எலாஸ்டிக் வளையம் தைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. சிரமம் எங்கே என்பது அவருக்குத் தெரியும், தையல் எனக்குத் தெரியும்.

கேள்விப் படிவமும் மதிப்பெண்ணும்

போனில் ஒரு படிவம் அனுப்பி, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் கேட்பது சுலபம், செலவும் இல்லை. இந்த ஐந்து படி அளவை உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் கொண்டுவந்ததிலிருந்து உலகம் முழுக்கப் புழங்குகிறது. பெரிய நிறுவனங்கள் இன்னும் அதிகம் நம்புவது நெட் புரமோட்டர் ஸ்கோரை. 2003இல் வணிக ஆலோசகர் ஃபிரெட் ரைக்ஹெல்ட் இதை அறிமுகம் செய்தார். "எங்களை ஒரு நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்பதற்குப் பூஜ்யம் முதல் பத்து வரை பதில் கேட்பார்கள். ஒன்பதும் பத்தும் போட்டவர்களின் சதவீதத்திலிருந்து, பூஜ்யம் முதல் ஆறு வரை போட்டவர்களின் சதவீதத்தைக் கழிப்பார்கள். ஏழும் எட்டும் போட்டவர்கள் மொத்த எண்ணிக்கையில் மட்டும் சேர்வார்கள்.

ஆயிரக்கணக்கான பதில் வரும் இடத்தில் இது ஏதாவது சொல்லும். நம்மைப் போன்றவர்களுக்கு என்ன ஆகிறது என்று போட்டுப் பாருங்கள். 20 பேர் பதில் அனுப்புகிறார்கள். 10 பேர் ஒன்பதோ பத்தோ, 6 பேர் ஆறோ அதற்குக் கீழோ போட்டால், 50 சதவீதத்தில் 30 போக ஸ்கோர் 20. அடுத்த மாதமும் 20 பேர். இரண்டே இரண்டு பேர் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தால் 8, 8. ஸ்கோர் பூஜ்யம். தொழிலில் எதுவும் மாறியிருக்காது, அந்த இருவருக்கும் அன்றைக்குத் தலைவலியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் புரள்வது நாம்தான். நான் புரண்டிருக்கிறேன்.

எண்ணிக்கையைப் பற்றி இன்னும் இரண்டு கணக்கு சொல்ல வேண்டும், இவை எனக்கு நிஜமாகவே உதவின. முதலாவது, புள்ளியியலில் மூன்றின் விதி என்று சொல்வது. 30 பேரிடம் கேட்டு ஒருவர்கூட ஒரு குறையைச் சொல்லவில்லை என்றால், அந்தக் குறை இல்லை என்று பொருளாகாது. மூன்றை முப்பதால் வகுத்தால் பத்து சதவீதம். மொத்த வாடிக்கையாளர்களில் பத்து சதவீதம் பேர் வரை அந்தக் குறையோடு இருக்கக்கூடும். அதுவும், 30 பேரும் குலுக்கல் போலத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மறைக்காமல் சொன்னால்தான் இந்தக் கணக்கே.

இரண்டாவது இதற்கு நேர்மாறு. ஒரு பொருளைப் பயன்படுத்துவதை நேரில் பார்த்தால் ஐந்து பேரே போதும் என்று, இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். பயனர்களில் 31 சதவீதம் பேருக்கு வரும் ஒரு சிக்கல், ஐந்து பேரில் ஒருவரிடமாவது தெரிந்துவிட ஏறக்குறைய 85 சதவீத வாய்ப்பு உண்டு. நூற்றுக்கு ஐந்து பேருக்கு மட்டும் வருகிற சிக்கலாக இருந்தால் அந்த வாய்ப்பு 23 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆக, பெரிய குறைகளைப் பிடிக்கக் கூட்டம் தேவையில்லை. அரிய குறைகளை நம் அளவில் எந்தப் படிவமும் பிடிக்காது, அவை புகாராகத்தான் வந்து சேரும்.

அதனால் மதிப்பெண் கேட்பதை விட்டுவிட்டேன். படிவத்தில் இப்போது ஒரே ஒரு கேள்வி: "வாங்குவதற்கு முன் எதை நினைத்துத் தயங்கினீர்கள்?" பதில் கொஞ்சம்தான் வருகிறது. வருவதெல்லாம் படிக்கத் தகுந்ததாக இருக்கிறது.

இணையத்தில் நட்சத்திரங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இணைய மதிப்புரைகளில் ஐந்து நட்சத்திரம் குவிந்திருக்கும், ஒரு நட்சத்திரம் ஓரளவு இருக்கும், நடுவில் காலியாகக் கிடக்கும். இந்த வடிவத்தை 2009இல் ஹூ, பாவ்லு, ஜாங் ஆகிய மூவரும் ஆராய்ந்து காட்டினார்கள். மிக மகிழ்ந்தவரும் மிகக் கொதித்தவரும்தான் பெரும்பாலும் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பது இதற்கு ஒரு காரணம். "பரவாயில்லை" என்று நினைத்தவர், அதாவது நமக்கு மிகவும் தேவைப்படுகிற ஆள், எழுதுவது அபூர்வம்.

இன்னொன்று, மதிப்புரை எழுதப்படுவது அடுத்து வாங்கப்போகிறவருக்காக. எனக்காக யாரும் அதை எழுதுவதில்லை. அதனால் அதைக் கடையின் பெயர்ப்பலகையைப் போலப் பராமரிக்கிறேன். பதில் போடுகிறேன், நன்றி சொல்கிறேன். தொழிலைத் திருத்துவதற்கு ஒரே ஒரு விதத்தில்தான் பயன்படுத்துகிறேன்: ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே சொல்லை எழுதியிருந்தால் நின்று கவனிக்கிறேன். "கைப்பிடி வெட்டுது" என்று இருவர் எழுதியபோது வாரின் ஓரத்தை மடித்துத் தைக்கத் தொடங்கினேன்.

விட்டுப் போனவர்கள்

எல்லா வழிகளிலும் எனக்கு மிகப் பிடித்ததும், மிகத் தயங்கிச் செய்ததும் இதுதான்.

ஒரு நிறுவனத்தின் மேல் அதிருப்தி வந்தால் மனிதர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது என்று பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் விளக்கினார். ஒன்று, குரல் கொடுப்பது. மற்றது, விலகிப்போவது. விலகுவது எவ்வளவு சுலபமோ அவ்வளவுக்குக் குரல் குறையும். நம்மை விட்டுப் போவதைப் போல் சுலபம் வேறு எதுவும் கிடையாது. ஒப்பந்தம் இல்லை, கட்டுப்பாடு இல்லை. அடுத்த முறை வேறு இடத்தில் வாங்கினால் முடிந்தது. நமக்குக் கேட்கும் புகார்கள் எல்லாம் இன்னும் நம்மேல் கொஞ்சம் அக்கறை மிச்சமிருப்பவர்களுடையவை. உண்மையில் சலித்துப்போனவர் சத்தமில்லாமல் போய்விடுகிறார்.

போனவரிடம் கேட்பதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. என் இரண்டு கேள்விகளுக்கும் அவர் சரியாகப் பொருந்துகிறார். பயன்படுத்தியவர், அதனால் தெரியும். இனி என்னிடம் வாங்கப்போவதில்லை, அதனால் முகதாட்சண்யம் குறைவு. சிக்கல் ஒன்றுதான்: கூப்பிட்டால் மறுபடி விற்க வருகிறேன் என்று நினைப்பார். ஆகவே முதல் வாக்கியத்திலேயே அதை முடித்துவிட வேண்டும். "விற்கக் கூப்பிடலைங்க. நீங்க ரெண்டு பை வாங்கினீங்க, அப்புறம் வரலை. என் வேலையில எங்கே தப்புன்னு தெரிஞ்சுக்கணும், ரெண்டு நிமிஷம் போதும்." இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கியது. ஆனாலும் எடுத்தவர்களில் பெரும்பாலோர் பேசினார்கள்.

முதலில் வரும் பதில் பெரும்பாலும் "விலை கொஞ்சம் ஜாஸ்தி" என்பதாக இருக்கும். யாரையும் நோகடிக்காத பதில் அது, அதனால்தான் முதலில் வருகிறது. அதை நம்பி விலையைக் குறைத்திருந்தால் தொழிலையே தொலைத்திருப்பேன். அடுத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இப்போ எந்தப் பை வெச்சிருக்கீங்க?" என்னுடையதைவிட விலை குறைந்த பை என்றால் சரி, விலைதான் காரணம். ஒருவர் சொன்ன பை என்னுடையதைவிட விலை அதிகம். "ஓ, அது ஏன் பிடிச்சது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நீண்ட மௌனம். அப்புறம் சொன்னார்: "உங்களுது ஆர்டர் கொடுத்தா எப்போ வரும்னே தெரியாது. ரெண்டு தடவை நானே போன் பண்ணிக் கேட்டேன். மூணாவது தடவை கேட்கக் கூச்சமா இருந்துச்சு."

பையில் ஒரு குறையும் இல்லை. தேதி சொல்லாததுதான் குறை. இரண்டு வருடமாக நான் தையலைத் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது ஆர்டர் எடுக்கும் நோட்டில் முதல் கட்டம் தேதிக்கு. தாமதமாகும் என்றால் அவர் கேட்பதற்கு முன்பே நான் கூப்பிட்டுச் சொல்கிறேன்.

கேட்ட பிறகு எதிர்வாதம் செய்யக் கூடாது. "அந்த நேரத்துல துணி வரலைங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் உடனே "ஆமா ஆமா, புரியுது" என்று சுருங்கிவிடுவார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. போன் பேசும்போது பேனாவைக் கையில் பிடித்துக்கொள்வேன். எழுதுகிற கைக்கு வேலை இருந்தால் வாய் சும்மா இருக்கிறது.

கூட வேலை செய்பவர்கள்

ஜிப் மூலையைக் கண்டுபிடித்த மறுநாள், என்னிடம் தைக்கும் அம்மாவிடம் அந்தப் பையைக் காட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மெஷினில் நூல் கோத்தபடியே, "அது ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான் தம்பி. நீங்க கொடுத்த அளவுல வெட்டினா அந்த மடிப்பு அங்கதான் வந்து நிக்கும்" என்றார். "ஏம்மா சொல்லலை?" என்றேன். "நீங்க கேட்கலையே" என்றார்.

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் ஊரெல்லாம் தேடிய பதில் பத்தடி தூரத்தில் இருந்தது. வேலை செய்பவருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயமும் எல்லாரையும்விட அதிகம். அளவு கொடுத்தவர் முதலாளி. அளவு தப்பு என்பது முதலாளி தப்பு என்பதாகிவிடுகிறது.

டொயோட்டா தொழிற்சாலைகளில் வண்டி தயாராகும் வரிசைக்கு மேலே வெகுகாலம் ஒரு கயிறு ஓடியது. குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் அந்த இடத்துக்கு வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால் வரிசையே நிற்கும். இதில் எனக்குப் பிடித்தது, இழுத்தால் ஒருவர் வருகிறார் என்பது. யோசனைப் பெட்டி வைத்துவிட்டு அதை மாதக்கணக்கில் திறக்காமல் இருப்பதற்கு இது நேர் எதிர். எங்களிடம் கயிறெல்லாம் இல்லை. தைக்க முடியாமல் சிரமம் கொடுக்கும் துண்டை என் மேஜையில் வைத்துவிட வேண்டும், அன்றைக்கே நான் அவரிடம் போய்ப் பேச வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. முதல் மாதம் மேஜை காலியாகவே இருந்தது. முதலில் வந்த துண்டை நான் எப்படி எடுத்துக்கொள்கிறேன் என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நல்லதாப் போச்சு, இப்பவே மாத்திடலாம்" என்று அவர்கள் எதிரிலேயே பேப்பர் அளவைத் திருத்தி வெட்டினேன். அதன்பிறகு துண்டுகள் வரத் தொடங்கின.

சக தொழில்காரர்களும் ஆலோசகர்களும்

பொருளைப் பற்றி வாடிக்கையாளர் சொல்வார், வேலையைப் பற்றி ஊழியர் சொல்வார். கணக்கு, கடன், வசூல், விலை வைப்பது இவற்றையெல்லாம் அவர்களிடம் கேட்க முடியாது. இதற்கு நம் அளவில் தொழில் செய்யும் இன்னொருவர்தான் வேண்டும். 1727இல் ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இப்படி ஒரு குழுவைத் தொடங்கினார். அப்போது அவர் அச்சகத் தொழிலில் இருந்த இளைஞர். தச்சர், கண்ணாடி பொருத்துபவர் என்று பல தொழில்காரர்கள் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடினார்கள். கூடும்போது கேட்டுக்கொள்ள ஒரு கேள்விப் பட்டியலே வைத்திருந்தார்கள். அண்மையில் யாருடைய தொழிலாவது நொடித்துப்போனதா, காரணமாக என்ன கேள்விப்பட்டீர்கள் என்பது அதில் ஒன்று. யார் நன்றாக வளர்கிறார், எதனால் வளர்கிறார் என்பது இன்னொன்று. கவனித்தால் இவையும் நடந்ததைக் கேட்கும் கேள்விகள்தான்.

என்னுடைய குழுவில் மூன்று பேர். ஒருவரும் பை தைப்பவர் இல்லை, அது வேண்டுமென்றே செய்தது. ஒரே வாடிக்கையாளருக்காகப் போட்டியிடுபவர்கள் கணக்கைத் திறந்து காட்ட மாட்டார்கள். மாதம் ஒருமுறை ஒருவர் தன் நோட்டை மேஜையில் வைப்பார், மற்ற இருவரும் கேள்வி கேட்பார்கள். அறிவுரைக்குக் கடைசிப் பத்து நிமிடம்தான். கேள்விகளிலேயே பெரும்பாலும் விஷயம் வெளிவந்துவிடுகிறது. இரண்டே கடைகளின் கையில் என் மொத்த வசூலும் மாட்டியிருப்பதை அங்கேதான் பார்த்தேன்.

காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்வேன். விளம்பரம் செய்பவரிடம் போனால் விளம்பரம் போதவில்லை என்பார், இணையதளம் கட்டுபவரிடம் போனால் இணையதளம் சரியில்லை என்பார். ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, அவர் கண்ணுக்கு அதுதான் தெரிகிறது. ஆகவே கேள்வி முடிவாகிய பிறகு போனால் பயன் உண்டு. வரி, ஒப்பந்தம், மெஷின் வாங்குவது போன்ற குறுகிய கேள்விகளுக்கு நல்ல நிபுணரின் ஒரு மணி நேரம் கொடுத்த காசுக்கு மேலேயே தரும். "என் தொழிலில் என்ன தப்பு?" என்ற கேள்வியோடு போகாதீர்கள்.

கேட்காமல் பார்ப்பது

முதலில் சொன்ன குடைக்காரர் விஷயம் தற்செயலாக நடந்தது. இப்போது அதை வேண்டுமென்றே செய்கிறேன். மாதத்துக்கு ஐந்து பேரிடம், "இந்தப் பையில உங்க சாமானை எல்லாம் வெச்சு, அப்புறம் ஒவ்வொண்ணா எடுங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறேன். எங்கே கை நிற்கிறது, எங்கே இரண்டாவது கை தேவைப்படுகிறது, எதைத் தேடுகிறார் என்று குறித்துக்கொள்கிறேன். வாயைத் திறந்து உதவப் போகக் கூடாது, அதுதான் கஷ்டம். இடம் தெரியாமல் தடுமாறும்போது "அந்தப் பக்கம் பாருங்க" என்று சொல்ல நாக்கு துடிக்கும்.

சேவைத் தொழிலாக இருந்தாலும் இதே வழி பொருந்தும். நம் கடைக்கு நாமே புது ஆளாகப் போன் செய்து பார்க்கலாம், அல்லது பழக்கமில்லாத ஒருவரை ஆர்டர் கொடுக்கச் சொல்லி, எத்தனை மணிக்குப் பதில் வந்தது, என்ன கேட்டார்கள் என்று நேரத்தோடு எழுதச் சொல்லலாம்.

பார்ப்பதில் ஒரு குறை உண்டு. என்ன நடந்தது என்று தெரியும், ஏன் என்று தெரியாது. பையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தவரின் மனதில் ஓடியதைக் கண்ணால் காண முடியாது. அதற்கு மேலே சொன்ன கேள்விகள்தான் கைகொடுக்கும்.

எதை முதலில் செய்வது?

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். தொழில் தொடங்கி ஒரு வருடம் ஆகவில்லை என்றால் முழு நேரத்தையும் பார்ப்பதற்கே கொடுங்கள். விட்டுப் போகுமளவுக்கு அப்போது ஆட்களே சேர்ந்திருக்க மாட்டார்கள். வருடம் தாண்டி, புது ஆட்கள் வருகிறார்கள் ஆனால் பழையவர்கள் திரும்பவில்லை என்றால், போனவர்களைக் கூப்பிடுங்கள். வாரம் இரண்டு பேர் போதும். பழையவர்கள் வருகிறார்கள், புதியவர்கள்தான் வரவில்லை என்றால், வாங்குவதற்கு முன் எதை நினைத்துத் தயங்கினார்கள் என்று வாங்கியவர்களிடம் கேளுங்கள். விற்பனை நன்றாக இருந்தும் கையில் காசு நிற்கவில்லை என்றால் வாடிக்கையாளரிடம் கேட்டுப் புண்ணியமில்லை, சக தொழில்காரர் முன்னால் நோட்டைத் திறக்க வேண்டும். ஊழியர் இருந்தால் எந்த நிலையிலும் அவரிடம் முதலில் கேளுங்கள், அதற்கு நேரமே ஆகாது.

கேட்டதெல்லாம் உடனே தொழிலில் காட்ட வேண்டும் என்பதில்லை. ஒருவர் சொன்னால் நோட்டில் எழுதுகிறேன். தொடர்பில்லாத இன்னொரு ஆளிடமிருந்து அதே விஷயம் வந்தால் கையிலெடுக்கிறேன். பாதுகாப்பு, பணம், கொடுத்த வாக்கு சம்பந்தப்பட்டது என்றால் ஒருவர் சொன்னாலே போதும். இன்னொன்றும் இருக்கிறது: கேட்டதும் மனம் சுருங்கினால் அன்றைக்கு எந்த முடிவும் எடுப்பதில்லை. க்ளூகர், டெனிசி என்ற இருவர் 1996இல் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்ததில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில், தன் வேலையைப் பற்றிய கருத்தைப் பெற்றவரின் வேலை மோசமாகியிருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்ற பக்கம் போகும்போது இப்படி ஆகிறது என்பது அவர்களின் விளக்கம். அதனால் நோட்டில் எழுதும்போது வாக்கியத்தைப் பொருளின் மேல் திருப்பி எழுதுகிறேன். "நீங்க சொன்ன தேதிக்குத் தர மாட்டீங்க" என்று அவர் சொன்னது என் நோட்டில் "ஆர்டர் சீட்டில் தேதி இல்லை" என்று ஏறுகிறது. அதைத் திருத்த முடியும்.

குடைக்காரருக்கு, மூலை மடிப்பை உள்ளே தள்ளித் தைத்த புதுப் பை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீங்கள் அன்றைக்கு ஜிப்பை இழுத்ததைப் பார்த்துத்தான் மாற்றினேன் என்று சொன்னேன். ஒற்றைக் கையால் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். முகம் மலர்ந்தது. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலடி நடந்து பார்த்து, இதுவரை ஒருமுறைகூடச் சொல்லாததை அவராகவே சொன்னார்: "இந்த வார் கொக்கி இருக்கே, நடக்கும்போது டக்கு டக்குன்னு சத்தம் போடுது. மீட்டிங்ல நுழையும்போது எல்லாரும் திரும்பிப் பார்க்கிறாங்க. பழைய பையிலயும் இப்படித்தான்."

பேனாவை எடுத்துக்கொண்டு, "கடைசியா எப்போ அப்படி ஆச்சு, சொல்லுங்க" என்றேன்.